மஞ்சப்பையில் கிடந்த ஸ்கேன் ரிப்போர்ட்: சினைப்பைக் கட்டியால் வந்த மூளை அழற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெண் ஒரே ஒருத்தி அல்ல. இந்த நோயில் வழக்கமாக என்ன நடக்குமோ, எங்கே வழக்கமாகத் தவறுமோ, அதையெல்லாம் ஒருத்தியின் மேல் ஏற்றி, பாடம் சொல்வதற்காக எழுதியிருக்கிறேன். ஆய்வுகளின் எண்ணிக்கைகள் மட்டும் அப்படியே உண்மை.

வயது 21. பி.காம். கடைசி வருடம், விடுதியில் தங்கிப் படிப்பவள். இதற்கு முன் பெரிய நோய் எதுவும் கிடையாது. குடும்பத்தில் யாருக்கும் மனநோய் இல்லை. தலைவலி தொடங்கிய நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஐந்து நாள் தலைவலி, லேசான காய்ச்சல், உடம்பு அசதி. பாராசிட்டமால் போட்டாள், காய்ச்சல் இறங்கியது. வைரஸ் காய்ச்சல் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஆறாம் நாள் ராத்திரி தூங்கவில்லை, ஏழாம் நாளும் தூங்கவில்லை. எட்டாம் நாள் அறைத் தோழிகள் தன் சாப்பாட்டில் என்னவோ கலக்கிறார்கள் என்றாள். போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று சிம்மைக் கழற்றி வீசினாள். பேச்சு நிற்கவே இல்லை. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் சம்பந்தம் இல்லை. விடுதிக் காப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து பார்த்துவிட்டுச் செய்த முதல் காரியம், குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி போட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையே, அதாவது ஒன்பதாம் நாள், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய்விட்டார். நோய் கண்டுபிடிக்கத் தாமதமான நாட்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை, மருத்துவர்களான நம்முடைய கணக்கில் வருபவை.

திடீர் மனப்பிறழ்வு என்று ஓலன்சபின் என்ற மனநோய் மருந்தை ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் உடம்பு விறைத்தது, காய்ச்சல் மறுபடி ஏறியது, இரத்தத்தில் தசை நொதியான சி.பி.கே. உயர்ந்தது. மனநோய் மருந்தின் கடும் எதிர்விளைவு என்று சந்தேகப்பட்டு மருந்தை நிறுத்தினார்கள். சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் இந்த நோயில் மூளை அந்த மருந்துகளைத் தாங்காது, சின்ன அளவுக்கே விறைத்துப்போகும் என்பது அப்போது யார் நினைவுக்கும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் விடிகாலை வலிப்பு வந்தது. மனநலப் பிரிவிலிருந்து நரம்பியல் பிரிவுக்கு மாற்றப்பட்டாள்.

அங்கே செய்யவேண்டியதை முறையாகச் செய்தார்கள். தலை சி.டி. சரியாக இருந்தது, எம்.ஆர்.ஐ.யும் சரியாகவே இருந்தது. முதுகுத் தண்டு நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 38 செல்கள், பெரும்பாலும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள். புரதம் கொஞ்சம் கூடுதல், சர்க்கரை இயல்பு. வைரஸ் மூளைக்காய்ச்சல் என்று அசைக்ளோவிர் போட்டார்கள். பி.சி.ஆர். பரிசோதனையில் ஹெர்பிஸ் வைரஸ் தெரியவில்லை, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான பரிசோதனையும் இல்லை என்றது, காசநோய்க்கும் ஒன்றும் இல்லை. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் அலைகள் எல்லாம் மெதுவாக ஓடின.

பதினாறாம் நாள் பேச்சு நின்றது. அத்தனை பேசியவள் ஊமையானாள். கையைத் தூக்கி வைத்தால் வைத்த இடத்திலேயே நின்றது. அப்புறம் வாய் அசைய ஆரம்பித்தது: மெல்லுவது போல, உதட்டைக் குவிப்பது போல, நாக்கைச் சுழற்றுவது போல. தன் உதட்டைத் தானே கடித்து இரத்தம் வந்தது. வலிப்பு மருந்தைக் கூட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. நிற்காது, ஏனென்றால் அது வலிப்பே இல்லை. பதினெட்டாம் நாள் எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

இந்த வாயசைவை ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை வார்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். இளம்பெண், புதிதாய் வந்த மனக்குழப்பம், வலிப்பு, ஊமைத்தனம், ஓயாத வாயசைவு. நான் அன்றைக்கே என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்பு மூளை அழற்சி (மூளைச் செல்கள் சேதி வாங்கும் ஒரு வகைப் புரதத்தை உடம்பின் எதிர்ப்பு மண்டலமே தாக்கும் நோய்) என்று எழுதி, இரத்தத்தையும் தண்டு நீரையும் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு அனுப்பினேன். வயிற்று அல்ட்ராசவுண்டும் கேட்டேன். சிறுநீர்க் குழாய் போட்டிருந்ததால் மூத்திரப்பை காலி. குடல் காற்று மறைத்ததில் சினைப்பை சரியாகத் தெரியவில்லை. 'குறிப்பிடும்படி எதுவும் இல்லை' என்று ரிப்போர்ட் வந்தது. தெரியவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவசரத்தில் எழுதும் ரிப்போர்ட்டுகள் பல நேரம் விழுங்கிவிடுகின்றன.

திருப்பம் வந்தது பத்தொன்பதாம் நாள் ராத்திரி. கேஸ் ஷீட்டை நிரப்பிக்கொண்டிருந்த ஹவுஸ் சர்ஜன் பெண், எல்லாரும் ஒரு கோடு போட்டுத் தாண்டிப்போகும் மாதவிடாய்ப் பகுதியை நிஜமாகவே கேட்டிருக்கிறாள்.

"பீரியட்ஸ் எல்லாம் ஒழுங்கா வருமாம்மா?"

"போன வருசம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போச்சும்மா. ஸ்கேன் எடுத்தோம். நீர்க்கட்டின்னு சொன்னாங்க. மாத்திரை குடுத்தாங்க, சரியாப் போச்சு."

"அந்த ரிப்போர்ட் இருக்கா?"

இருந்தது. அம்மா பத்து நாளாக மருத்துவமனை மருத்துவமனையாகத் தூக்கிக்கொண்டு அலைந்த மஞ்சப்பையில், ரேஷன் கார்டு நகலுக்கும் காப்பீட்டு அட்டைக்கும் நடுவில் மடித்துக் கிடந்தது. இடது சினைப்பையில் 34 x 29 மி.மீ. கட்டி, கொழுப்பு அடர்த்தி தெரிகிறது, டெர்மாய்டாக இருக்கலாம், தொடர்ந்து கவனிக்கவும் என்று போட்டிருந்தது. 'நீர்க்கட்டி' என்ற ஒரே வார்த்தைக்குள் நம் ஊரில் எத்தனை வகைக் கட்டிகள் அடங்கிவிடுகின்றன பாருங்கள். பி.சி.ஓ.டி.யும் நீர்க்கட்டிதான், டெர்மாய்டும் நீர்க்கட்டிதான். 'வேறு ஏதாவது நோய் உண்டா?' என்று கேட்ட ஒவ்வொரு மருத்துவரிடமும் அம்மா இல்லை என்றே சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிப்போன கட்டிக்கும் தலைக்கு ஏறிய கிறுக்குக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்?

சம்பந்தம் இதுதான். டெர்மாய்டு என்கிற டெரட்டோமா கருமுட்டைச் செல்களிலிருந்து உருவாகும் கட்டி. அதை அறுத்துத் திறந்தால் முடி இருக்கும், கொழுப்புக் குழம்பு இருக்கும், சில நேரம் பல்லே இருக்கும். 'டெரஸ்' என்றால் கிரேக்கத்தில் அரக்கப் பிறவி. பெயர் வைத்தவர்கள் பயந்துதான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் இருக்கலாம், அதன்மேல் மூளையில் உள்ளது போன்ற என்.எம்.டி.ஏ. ஏற்பிகளும் இருக்கலாம். இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் இந்த நரம்புத் திசுவைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருளுக்குக் கட்டி எது, மூளை எது என்று தெரியாது. மூளையில் உள்ள ஏற்பியின் ஜி.எல்.யு.என்.1 என்ற பகுதியைப் பிடித்து, பக்கத்துப் பக்கத்து ஏற்பிகளை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இழுக்கிறது. செல் அவற்றை உள்ளே வாங்கிக்கொள்கிறது. மேற்பரப்பில் ஏற்பிகள் குறைந்துபோகின்றன, ஆனால் செல் சாவதில்லை. சிகிச்சைக்கு இடம் இருப்பதே இந்த ஒரு காரணத்தால்தான்.

கீட்டமைன் என்ற மயக்க மருந்து இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. கொஞ்சம் கொடுத்தால் பிரமை, இன்னும் கொடுத்தால் உலகத்தோடு தொடர்பு அறுந்த நிலை. இந்தப் பெண்ணின் உடம்பு தனக்குத் தானே வாரக்கணக்கில் கீட்டமைன் கொடுத்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொண்டால் படம் பாதி புரிந்துவிடும்.

இந்த நோய் மருத்துவ உலகத்தின் கண்ணில் பட்டே சுமார் இருபது வருடம்தான் ஆகிறது. 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரும் கூட்டாளிகளும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினார்கள். நால்வருக்கும் மனக்குழப்பம், நினைவிழப்பு, மூச்சு மந்தம், சினைப்பையில் டெரட்டோமா. எதிர்ப்பொருள் எதையோ தாக்குகிறது என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. 2007இல் 12 பெண்களைச் சேர்த்துப் பார்த்து, அது என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று காட்டினார்கள். 2008இல் எண்ணிக்கை 100 ஆனது. அந்த 100 பேரில் 91 பேர் பெண்கள். 76 பேருக்கு வலிப்பு, 86 பேருக்கு வாய் கை கால் அசைவுகள், 66 பேருக்கு மூச்சு மந்தம். 2013இல் வந்த பெரிய ஆய்வில் 577 பேர். பெண்களில் 46 சதவீதத்தினருக்குக் கட்டி இருந்தது, அதில் பெரும்பாலானவை சினைப்பை டெரட்டோமா. கலிஃபோர்னியாவில் மூளைக்காய்ச்சல் நோயாளிகளைத் திரட்டி நடத்திய ஓர் ஆய்வு, 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம் எந்தத் தனி வைரஸையும்விட இந்த நோயே அதிகம் என்று 2012இல் சொன்னது.

அப்படியானால் அதற்கு முன்பெல்லாம் இந்தப் பெண்கள் எங்கே போனார்கள்? ஜப்பானில் இளம்பெண்களுக்கு வரும், ஹெர்பிஸ் அல்லாத ஒரு தனிவகை மூளைக்காய்ச்சல் என்று ஒரு பெயர் புழக்கத்தில் இருந்தது. 2008இல் இய்சுகா என்ற நரம்பியலாளரின் குழு அப்படிப்பட்ட நோயாளிகளின் பத்திரப்படுத்திவைத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தபோது இதே எதிர்ப்பொருள் இருந்தது. கட்டியை எடுக்காமலேயே அவர்கள் மீண்டிருந்தார்கள், ஆனால் அதற்குப் பிடித்த காலம் மிக நீளம். மற்ற ஊர்களில் மனநல விடுதிகளிலும், காரணம் தெரியாத காய்ச்சல் என்று எழுதிய ஐ.சி.யு. கட்டில்களிலும், பேய் பிடித்தது என்று கட்டிப்போட்ட திண்ணைகளிலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனிதர்கள் மட்டும் இல்லை. பெர்லின் மிருகக்காட்சிசாலையில் 2011இல் எல்லார் கண்ணெதிரிலும் தண்ணீரில் விழுந்து செத்த பனிக்கரடி நூட்டுக்கும் இதே நோய்தான் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். அது ஆண் கரடி, சினைப்பைக் கதை அங்கே பொருந்தாது. கட்டியே இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

சரி, நம் பெண்ணிடம் வருவோம். 2016இல் வந்த சர்வதேச வரையறைப்படி, எதிர்ப்பொருள் முடிவு வராமலே இந்த நோயை 'அநேகமாக இதுதான்' என்று சொல்லலாம். நடத்தை மாற்றம், பேச்சுக் கோளாறு, வலிப்பு, அசைவுக் கோளாறு, உணர்வு மங்கல், இதயத்துடிப்பு அல்லது மூச்சுக் கோளாறு என்ற ஆறில் நான்கு வேண்டும், ஈ.ஈ.ஜி.யோ தண்டு நீரோ ஒத்துவர வேண்டும், வேறு காரணங்களை விலக்கியிருக்கவும் வேண்டும். ஆனால் டெரட்டோமா இருக்கிறது என்று தெரிந்தால் ஆறில் மூன்றே போதும். இவளுக்குப் பன்னிரண்டாம் நாளே மூன்று இருந்தது: நடத்தை, நிற்காத பேச்சு, வலிப்பு. அந்த மஞ்சப்பையை அன்றைக்கு யாராவது திறந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி அதே இடத்தில் இருந்தது, உள்ளே கொழுப்பு பளிச்சென்று தெரிந்தது. மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 1 கிராம், ஐந்து நாள் என்று அன்றிரவே தொடங்கினோம். இருபதாம் நாள் இதயத்துடிப்பு 140க்குப் போய், அடுத்த நிமிடமே 45க்கு விழுந்தது. மூச்சு விடுவதையே மறந்தவள் போலக் கிடந்தாள். வென்டிலேட்டரில் போட்டோம்.

அடுத்து நடந்த வாக்குவாதம் இந்த நோயில் எங்கும் நடப்பது. மகப்பேறு மருத்துவர் மேடம் கேட்டது நியாயமான கேள்வி. "மூணு சென்டிமீட்டர் டெர்மாய்டு. புற்றுநோய் இல்ல. வென்டிலேட்டர்ல இருக்கிற, பல்ஸ் நிலையில்லாத பொண்ண இதுக்காக டேபிள்ல ஏத்தணுமா சார்? தேறினப்புறம் பண்ணிக்கலாமே?"

அவர் பழகிய விதிப்படி அது சரி. சின்ன டெர்மாய்டை யாரும் அவசரமாக எடுப்பதில்லை. ஆனால் இங்கே கட்டியின் அளவு பேச்சே இல்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டியும் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தொடர்ந்து தீனி போட்டுக்கொண்டிருக்கும். தேறட்டும், எடுக்கலாம் என்றால், எடுத்தால்தான் தேறுவாள் என்பது என் பதில். 2008இன் 100 பேர் ஆய்விலும் முதல் நான்கு மாதத்துக்குள் கட்டியை எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள், நோய் திரும்பி வந்ததும் குறைவு. மேடம் ஒரு நாள் எடுத்துக்கொண்டு படித்துவிட்டு வந்து, சரி, செய்வோம் என்றார். மயக்க மருத்துவரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: கீட்டமைனும் வேண்டாம், நைட்ரஸ் ஆக்சைடும் வேண்டாம்; இரண்டும் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும் அதே ஏற்பியைத்தான் அடைக்கும்.

இருபத்துமூன்றாம் நாள் லேப்ராஸ்கோப்பியில் கட்டியை எடுத்தார்கள். சினைப்பையின் நல்ல பகுதியை முடிந்தவரை விட்டுவைத்தார்கள். உள்ளே முடி, கொழுப்பு, ஒரு ஓரத்தில் மூளைத் திசு, அதைச் சுற்றி லிம்போசைட் கூட்டம். முதிர்ந்த டெரட்டோமா, புற்று இல்லை. மறுநாள் எதிர்ப்பொருள் முடிவு வந்தது. தண்டு நீரில் இருக்கிறது, இரத்தத்தில் இல்லை.

இதைக் கவனியுங்கள். செலவை மிச்சப்படுத்தவும் தண்டு நீர் எடுக்கும் சிரமத்துக்காகவும் இரத்தத்தை மட்டும் அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. 250 நோயாளிகளை வைத்துச் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வில் தண்டு நீரில் எல்லாருக்கும் எதிர்ப்பொருள் இருந்தது, இரத்தத்தில் சுமார் 86 சதவீதத்தினருக்குத்தான் இருந்தது. இரத்தத்தை மட்டும் அனுப்பியிருந்தால் 'இல்லை' என்ற தாளை வைத்துக்கொண்டு இவளை மனநலப் பிரிவுக்கே திருப்பி அனுப்பியிருப்போம்.

அடுத்து பிளாஸ்மா மாற்றம், அதாவது எதிர்ப்பொருள் கலந்த இரத்த நீரை மெஷினில் எடுத்துவிட்டு வேறு நீரை ஏற்றுவது, ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஐந்து முறை. அது முடிந்த பிறகே, கொடையாளர் இரத்தத்திலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின் மருந்து. வரிசையை மாற்றினால், ஏற்றிய விலை உயர்ந்த மருந்தை மறுநாளே மெஷின் வெளியே கொட்டிவிடும். கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 50 கிலோ பெண்ணுக்கு 100 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் இருபது. காப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்து, விளக்கம் கேட்டு, மறுபடி எழுதிக் கொடுத்த கதையை இங்கே விட்டுவிடுகிறேன். நாற்பதாம் நாளிலும் பெரிய மாற்றம் இல்லாததால் எதிர்ப்பொருள் உற்பத்தியை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் தொடங்கினோம், வாரம் ஒன்றாக நான்கு.

அந்தக் காலம்தான் குடும்பத்துக்குக் கொடுமையானது. எல்லாம் கொடுத்தாகிவிட்டது, கட்டியையும் எடுத்தாகிவிட்டது, மகள் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டே வாயை மென்றுகொண்டிருக்கிறாள். "ஊருக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுமா சார்? சொல்லிருங்க" என்று அப்பா இரண்டு முறை கேட்டார். 577 பேர் ஆய்வைத்தான் அவரிடம் தமிழில் சொன்னேன். முதல் இரண்டு வருடத்தில், தொடர்ந்து கண்காணிக்க முடிந்த 501 பேரில் 394 பேர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினார்கள், 30 பேர் இறந்தார்கள். தேறியவர்களில் பலருக்கு மாதக்கணக்கில் ஆனது. எண்ணிக்கை சொல்லி யாரையும் தேற்ற முடியாது என்பார்கள். அவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், கணக்கு அவருக்குப் புரிந்தது. பெண்ணை ஊருக்குக் கொண்டுபோகவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தோம். வந்த வழியிலேயே திரும்பிப் போனது நோய், தலைகீழ் வரிசையில். முதலில் மூச்சும் துடிப்பும் நிலைத்தன, அப்புறம் வாயசைவு நின்றது, அப்புறம் கண் ஆளைப் பார்த்தது. அறுபத்துமூன்றாம் நாள் அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். நடுவில் ஒரு வாரம் மறுபடி சந்தேகமும் சிடுசிடுப்புமாகப் பேசியபோது குடும்பம் பயந்துபோனது. திரும்பும் வழியில் அந்த ஊரும் வரத்தான் செய்யும் என்று சொல்லி வைத்திருந்தோம். எண்பத்துநான்காம் நாள் வீட்டுக்குப் போனாள்.

இந்தக் கேஸைப் படித்துவிட்டு டெர்மாய்டு இருக்கும் பெண்கள் யாரும் பயப்பட வேண்டாம். அந்தக் கட்டி இளவயதில் சாதாரணமாகக் காணப்படுவது. அதை வைத்திருப்பவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் மூளை வரை வரும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: நோய் இருக்கிறது, கட்டி தெரியவில்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சினைப்பையை எடுக்கக்கூடாது. பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கட்டியே இருக்காது.

பெண்களுக்கு வரும் கட்டி, எதிர்ப்பொருள், மூளை என்ற மூன்றும் சேர்ந்தால் எல்லாம் இப்படி நல்லபடியாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'யோ' எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்டு. முதலில் கண்ட நோயாளிகளில் ஒருவருடைய பெயரின் எழுத்துகளை வைத்து வந்த பெயர். ஐம்பது அறுபது வயதுப் பெண்களுக்குச் சினைப்பைப் புற்றிலோ மார்பகப் புற்றிலோ வருவது. சில வாரங்களுக்குள் நடை தள்ளாடி, பேச்சு குழறி, கை தம்ளரைப் பிடிக்க முடியாமல் போகும். பல நேரம் புற்று அப்போது கண்டுபிடிக்கப்பட்டே இருக்காது, நடை தள்ளாட்டம்தான் முதல் தகவல். அங்கே தாக்கப்படுவது செல்லின் உள்ளே இருக்கும் புரதம், தாக்குவது முக்கியமாக எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள், சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள் செத்தே போகின்றன. புற்றை எடுத்தாலும் நடை பெரும்பாலும் திரும்புவதில்லை. மேற்பரப்பு ஏற்பியை இழந்த செல்லுக்கும் செத்துப்போன செல்லுக்கும் உள்ள வித்தியாசம் அது. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ்ப் படிக்கிறோம், கட்டிலருகே இரண்டும் வேறு வேறு உலகம்.

ஒரு வருடம் கழித்து அவள் வந்தபோது விட்ட பேப்பர்களை எழுதி முடித்திருந்தாள், ஒன்றைத் தவிர. படித்தது முன்னைப்போல் நிற்பதில்லை, ஒரு பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது என்றாள். நோயில் கிடந்த இரண்டு மாதமும் அவளுக்கு நினைவில் இல்லை. ஹாஸ்டலில் தலைவலி என்று படுத்தது தெரியும், அடுத்து தெரிவது அம்மாவின் கையில் இருந்த தண்ணீர் தம்ளர். நோய் இரண்டு வருடத்துக்குள் திரும்பும் வாய்ப்பு சுமார் 12 சதவீதம், புதுக் கட்டி வலது பக்கமும் வரலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இடுப்பு ஸ்கேன் எடுக்கிறோம்.

அவள் வெளியே போனதும் அம்மா மெதுவாகக் கேட்டார். "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இதச் சொல்லணுமா சார்?"

குழந்தை பெறத் தடை இல்லை, ஒரு சினைப்பை முழுசாகவும் இன்னொன்று பாதியும் இருக்கிறது என்றேன். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும். "அத அவளே முடிவு பண்ணட்டும்மா" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அன்றைய ஸ்கேன் ரிப்போர்ட்டை நான்காக மடித்துப் பையில், எல்லாவற்றுக்கும் மேலே, வைத்துக்கொண்டு போனார்.